ஏழுமலையான் கணக்கை யார் கேட்பது?

2025 ஏப்ரல் 17. திருப்பதியில் அன்று இரண்டு தரப்பு நேருக்கு நேர் சந்திப்பதாக இருந்தது. சந்திக்கவில்லை. ஆந்திர ஆளுங்கூட்டணி எம்.எல்.ஏ.க்கள் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் கோசாலைக்கு வந்து காத்திருந்தார்கள். குற்றம் சாட்டியவர் வந்து மாடுகளை நேரில் பார்க்கட்டும் என்பது அவர்கள் விட்ட சவால். குற்றம் சாட்டியவரோ வருகிறேன் என்று கிளம்பினார். சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டி போலீஸ் அவரை வீட்டருகிலேயே மறித்தது. மாடுகள் மட்டும் வழக்கம்போல அசைபோட்டுக்கொண்டு நின்றிருக்கும்.

மறிக்கப்பட்டவர் பூமன கருணாகர் ரெட்டி. ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸின் மூத்த தலைவர், திருப்பதியின் முன்னாள் எம்.எல்.ஏ. ஆறு நாள் முன்பு, ஏப்ரல் 11 அன்று, தேவஸ்தான கோசாலையில் மூன்றே மாதத்தில் நூறு பசுக்களுக்கு மேல் செத்துப்போய்விட்டன என்று அவர் சொன்னதில்தான் எல்லாம் தொடங்கியது. தேவஸ்தானம் உடனே மறுத்தது. அந்த ஆண்டு மார்ச் வரை இறந்தவை 43, வயோதிகமும் நோயுமே காரணம் என்றார் அன்றைய செயல் அலுவலர் சியாமள ராவ். பிறகு வந்தது போலீஸ் புகார். மாடு செத்ததைப் பற்றி அல்ல, மாடு செத்தது என்று சொன்னவரைப் பற்றி. புகார் கொடுத்தவர் அறங்காவலர் குழு உறுப்பினர் பானுபிரகாஷ் ரெட்டி.

இந்த இரண்டு பெயர்களையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு ஆண்டு பின்னோக்கிப் போனால் இதே இருவர் இடம் மாறி நிற்பார்கள். 2023-ல் தேவஸ்தானத் தலைவர் கருணாகர் ரெட்டி. அவருடைய கணக்கைக் கேள்வி கேட்டு நீதிமன்றப் படியேறியவர் பா.ஜ.க.வின் பானுபிரகாஷ் ரெட்டி. அப்போது கேட்டவர் இப்போது பதில் சொல்கிறார்; அப்போது பதில் சொன்னவர் இப்போது கேட்கிறார்.

திருப்பதி அடங்கிய பழைய சித்தூர் மாவட்டத்து அரசியலைக் கொஞ்ச காலம் கவனித்தால், இது இரண்டு பேரின் கதை இல்லை என்று தெரியும். இங்கே கேள்வி ஆளோடு போவதில்லை. அது எதிர்க்கட்சி இருக்கையிலேயே தங்கிவிடுகிறது. எழுந்து போனவர் அதை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார். வந்து உட்கார்ந்தவர் எடுத்துக்கொள்கிறார்.

ஒரு சதவீதத்துக்கு ஒரு யுத்தம்

கருணாகர் ரெட்டிக்கு தேவஸ்தானம் புதிதல்ல. 2006 முதல் 2008 வரை ஒருமுறை தலைவர். 2012 இடைத்தேர்தலில் திருப்பதி எம்.எல்.ஏ. 2019-ல் மறுபடி வென்றார். வித்தியாசம் வெறும் 708 வாக்குகள். 2023 ஆகஸ்டில் இரண்டாம் முறையாகத் தலைவர் நாற்காலி. உட்கார்ந்த சூட்டில் அவர் கொண்டுவந்த யோசனை, தேவஸ்தான ஆண்டு வரவு செலவில் ஒரு சதவீதத்தைத் திருப்பதி நகர மேம்பாட்டுக்கு ஒதுக்குவது. ஒரு சதவீதம் என்றால் அற்பமாகத் தோன்றும். அந்த ஆண்டு தேவஸ்தான பட்ஜெட் 4,411 கோடி ரூபாய். ஆக 44 கோடி.

கீழ்த்திருப்பதியில் ஒரு நாள் தங்கியவர்களுக்கு இந்த யோசனை எங்கிருந்து முளைத்தது என்று விளக்க வேண்டியதில்லை. 2011 கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை 2.87 லட்சம். மலைக்குப் போகும் பக்தர்கள் சாதாரண நாளிலேயே அறுபதாயிரம் முதல் எண்பதாயிரம். இவர்கள் குளிப்பது, சாப்பிடுவது, குப்பை போடுவது, பஸ் ஏறுவது எல்லாம் கீழே. கல்யாணி அணையும் கண்டலேறும்தான் தண்ணீர் தருகின்றன. பூண்டிக்குத் தண்ணீர் அனுப்பி நம் சென்னைக்குப் படியளக்கும் அதே கண்டலேறு. நகராட்சி வரி கட்டுபவன் உள்ளூர்க்காரன். துடைப்பம் தேய்வது ஊர் முழுக்க வந்துபோகிறவர்களுக்காக. ஆகவே சாமி வருமானத்தில் ஊருக்கும் ஒரு பங்கு என்பது திருப்பதியில் யாரும் கேட்டுக்கொள்ளக்கூடிய நியாயம்.

பானுபிரகாஷ் ரெட்டி எழுப்பிய கேள்வியும் தள்ளக்கூடியதல்ல. பக்தன் உண்டியலில் போட்ட காசு எதற்கு? சாக்கடை தூர்வாருவது நகராட்சி வேலை. நகராட்சிக்குக் காசு தருவது அரசின் வேலை. அரசு தன் பையைத் தொடாமல் சாமி பையில் கை வைப்பதா? தேர்தல் வருகிற நேரத்தில், தலைவரின் சொந்த ஊருக்கு, தலைவரே ஒதுக்குவதா? (கருணாகர் ரெட்டியின் மகன் 2024-ல் அதே திருப்பதித் தொகுதியில் நின்றார், தோற்றார்.) ஒரு சதவீதத் தீர்மானத்துக்கு மாநில அரசே ஒப்புதல் தரவில்லை. துப்புரவுப் பணிகளுக்குத் தேவஸ்தானப் பணத்தை விடுவிப்பதை 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தடுத்தது.

சட்டத்தின் பக்கம் நின்று பார்த்தால் கேட்டவர் சரி, ஊரின் பக்கம் நின்று பார்த்தால் கேட்கப்பட்டவர் சரி. எனக்குப் பட்டது இவ்வளவுதான். ஆனால் இன்னொரு கணக்கும் கூடவே இருக்கிறது. அதே 2023 செப்டம்பரில் திருப்பதியில் சீனிவாச சேது மேம்பாலம் திறக்கப்பட்டது. செலவு 650 கோடி. அதில் 67 சதவீதம் தேவஸ்தானத்தின் பங்கு, மீதி ஸ்மார்ட் சிட்டி நிறுவனத்தின் பங்கு. அடிக்கல் நாட்டியது தெலுங்கு தேசம் ஆட்சியில், திறந்தது ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் தலைவர் ஜெகன்மோகன் ரெட்டியின் ஆட்சியில். பாலத்துக்குக் கொடுத்தால் பக்தர் வசதி, குப்பைக்குக் கொடுத்தால் நிதி திருப்பம். இந்தக் கோடு எங்கே போடப்படுகிறது என்று எந்தத் தரப்பும் தெளிவாகச் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த முறை ஆட்சிக்கு வரும்போது தங்களுக்கே இடிக்கும்.

பத்தாயிரம் ரூபாய்க் கேள்வி

ஸ்ரீவாணி அறக்கட்டளை விவகாரம் இதைவிடச் சுவையானது. பத்தாயிரம் ரூபாய் நன்கொடை, கூடவே ஐந்நூறு ரூபாய் டிக்கெட், பதிலுக்கு வி.ஐ.பி. பிரேக் தரிசனம். சேரும் பணத்தில் பட்டியலின, பழங்குடி, மீனவர் குடியிருப்புகளில் கோயில் கட்டுவது, பாழடைந்த பழைய கோயில்களைப் புதுப்பிப்பது என்பது திட்டம். அப்போது எதிர்க்கட்சியாக இருந்த தெலுங்கு தேசமும் ஜனசேனாவும் இதை விடாமல் கேட்டன. வாங்கும் பணத்துக்குச் சரியான ரசீது உண்டா, பணம் எங்கே போகிறது, எந்தக் கோயில் எழும்பியது?

கேள்விக்குப் பலன் இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். 2023 ஜூனில் அன்றைய தலைவர் ஒய்.வி. சுப்பா ரெட்டி வெள்ளை அறிக்கை வெளியிட்டார். எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட பக்தர்களிடமிருந்து 860 கோடி ரூபாய் வந்திருக்கிறது, பெரும்பகுதி வங்கி வைப்பில் இருக்கிறது, செலவானது சுமார் 120 கோடி என்று கணக்கு வெளியே வந்தது. யாரும் கேட்காமல் இருந்திருந்தால் இந்த எண்கள் ஏதோ ஒரு பேரேட்டில் தூங்கியிருக்கும். அதற்கு முன்பும் ஒருமுறை, 2022 நவம்பரில், தேவஸ்தானப் பணத்தை அரசு தன் பத்திரங்களில் முதலீடு செய்யப் பார்க்கிறது என்ற பேச்சு கிளம்பியபோது வந்த வெள்ளை அறிக்கையில்தான் 15,900 கோடி ரூபாய் வைப்பும், பத்து டன்னுக்கு மேல் தங்கமும் வங்கிகளில் இருப்பது ஊருக்குத் தெரிந்தது. சந்தேகம் கிளம்பினால்தான் சாமி கணக்கு வெளியே வருகிறது என்பது வருத்தமான நடைமுறை; ஆனால் வருகிறது.

2024-ல் ஆட்சி மாறியது; தெலுங்கு தேசம், ஜனசேனா, பா.ஜ.க. கூட்டணி வந்தது. நவம்பர் 18 அன்று, பி.ஆர். நாயுடு தலைமையிலான புதிய குழு தன் முதல் கூட்டத்திலேயே ஸ்ரீவாணி அறக்கட்டளையைத் தனியாக வைத்திருக்க வேண்டாம், பணம் தேவஸ்தானப் பொதுக் கணக்குக்கே வரட்டும் என்று முடிவெடுத்தது. பெயருக்கு ஆபத்து வந்தது; பத்தாயிரம் ரூபாய்க்கு வரவில்லை. அந்த டிக்கெட் தொடர்ந்து விற்றது. எதிர்க்கட்சியாக இருந்தபோது கேட்ட கேள்விகளில் பணம் எந்தக் கணக்கில் விழுகிறது என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது. பத்தாயிரம் கொடுக்க முடிந்தவனுக்கு விரைவு வரிசையும், முடியாதவனுக்கு கம்பார்ட்மெண்டில் பல மணி நேரக் காத்திருப்பும் ஏன் என்பதை இரண்டு தரப்புமே கேள்வித்தாளில் சேர்க்கவில்லை.

நிலம் என்று வந்தபோது கதை தமிழ்நாட்டுக்குள்ளும் நீண்டது. 2020 மே மாதம், ஊரடங்கின் நடுவில், பராமரிக்க முடியாத சிறு சொத்துகள் என்று 50 இடங்களை ஏலம் விட தேவஸ்தானம் இறங்கியது. அவற்றில் 23 தமிழ்நாட்டில். நம் ஊர்ப் பெரியவர்கள் யாரோ எப்போதோ பெருமாளுக்கு எழுதிவைத்த துண்டு நிலங்கள், வீடுகள். தெலுங்கு தேசம், பா.ஜ.க., ஜனசேனா எல்லாம் ஒரே குரலில் எதிர்த்தன. பதில் என்ன தெரியுமா? இந்த 50 இடங்களைக் கண்டறிந்து விற்கத் தீர்மானித்ததே 2016-ல், உங்கள் ஆட்சியில் இருந்த குழுதான் என்பது. அது உண்மையும்கூட. கேட்டவர்களுக்கு ஒரு நாள் முகம் சுருங்கியது. ஆனாலும் கேள்வி ஜெயித்தது: மே 25 அன்று அரசு ஏலத்தை நிறுத்தி உத்தரவு போட்டது.

லட்டு நெய் விவகாரத்தில் முறையே தலைகீழானது. அங்கே குற்றம் சாட்டியது எதிர்க்கட்சி இல்லை, முதலமைச்சர். 2024 செப்டம்பர் 18 அன்று சந்திரபாபு நாயுடு முந்தைய ஆட்சியில் நெய்யில் விலங்குக் கொழுப்பு கலந்தது என்றார்; திண்டுக்கல் வரை விசாரணை நீண்டது; அக்டோபர் 4-ல் உச்ச நீதிமன்றம் ஐந்து பேர் கொண்ட சிறப்புக் குழுவை அமைத்தது. கடவுளையாவது அரசியலிலிருந்து விலக்கி வைக்கக் கூடாதா என்று நீதிபதிகள் அப்போது கேட்டார்கள். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லாம் கேட்டு முடித்த பிறகு நீதிமன்றத்துக்கு மிஞ்சிய கேள்வி அதுதான் போலும்.

ஜனவரி 8, இரவு

வைகுண்ட ஏகாதசி தரிசன டோக்கன் வாங்க 2025 ஜனவரி 8 அன்று கீழ்த்திருப்பதியின் மையங்களில் கூட்டம் கூடியது. மறுநாள் அதிகாலையில்தான் வழங்கல். முன்தினம் மாலையிலேயே ஆயிரக்கணக்கானவர்கள். பைராகிபட்டெடாப் பகுதியில் ஏற்பட்ட நெரிசலிலும் தள்ளுமுள்ளிலும் ஆறு பேர் இறந்தார்கள். சேலத்திலிருந்து போன ஒரு பெண்மணியும் அதில் ஒருவர். ஒரு பூங்காவில் அடைத்துவைக்கப்பட்ட கூட்டம், கதவு திறந்த ஒரு கணம், அவ்வளவுதான்.

மறுநாள் முதலமைச்சர் வந்தார். அதிகாரிகள் சிலர் இடைநீக்கம், சிலர் இடமாற்றம், 25 லட்சம் ரூபாய் நிவாரணம், நீதி விசாரணை. எதிர்த்தரப்பிலிருந்து ஜெகன்மோகன் ரெட்டி ஆஸ்பத்திரிக்கு வந்தார், அரசைச் சாடினார். இதெல்லாம் எந்த விபத்துக்கும் நடப்பது. நடக்காதது ஒன்று நடந்தது. துணை முதலமைச்சர் பவன் கல்யாண் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். தேவஸ்தானத் தலைவரும் செயல் அலுவலரும்கூடக் கேட்க வேண்டும் என்றார். தான் அங்கம் வகிக்கும் அரசு நியமித்த குழுவை, அமைச்சர் நாற்காலியில் இருந்துகொண்டே கேள்வி கேட்டார். அறங்காவலர் குழுத் தலைவர் அதை ரசிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டால் போன உயிர் வந்துவிடுமா என்கிற தொனியில் முதலில் பேசினார், பிறகு அவரும் கேட்டார். எதிர்க்கட்சி வேலையை ஆளுங்கட்சிக்காரர் பார்த்த அபூர்வமான இரண்டு நாள் அது. அடுத்தடுத்த வாரங்களில் எல்லோரும் அவரவர் இடத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

சபை இருக்கிறது, ஆள்?

கோசாலையும் பத்திரிகையாளர் சந்திப்பும் போலீஸ் நிலையமுமாக இந்தக் கேள்விகள் ஏன் தெருவிலேயே அலைகின்றன? கேள்வி கேட்பதற்கென்றே ஒரு சபை இருக்கிறதே, அமராவதியில்.

அந்தச் சபையில் எதிர்க்கட்சியின் கையில் இருக்கும் கூர்மையான ஆயுதம் பொதுக் கணக்குக் குழு. தணிக்கை அதிகாரி எழுதிய அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அரசுச் செயலாளர்களை எதிரே உட்காரவைத்து, இந்த ரூபாய் எங்கே என்று கேட்கும் இடம். மக்களவையில் 1967 முதல் அந்தத் தலைமையை எதிர்க்கட்சிக்குக் கொடுப்பது மரபு. ஆந்திரத்திலும் அப்படித்தான் வந்தது. 2014 முதல் 2019 வரையிலான நாயுடு ஆட்சியின் பிற்பகுதியில் தலைவர் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸின் புக்கன ராஜேந்திரநாத் ரெட்டி. 2019-ல் ஆட்சி மாறியதும் அவரே நிதியமைச்சர். அவரைக் கேள்வி கேட்கும் நாற்காலிக்கு வந்தவர் தெலுங்கு தேசத்தின் பய்யாவுல கேசவ். 2021 ஜூலையில் கேசவ் ஆளுநரைச் சந்தித்து, 41,000 கோடி ரூபாய்ச் செலவுக்கு முறையான ரசீதுகள் இல்லை என்று மனுக் கொடுத்தபோது மாநிலமே திரும்பிப் பார்த்தது. புக்கனவின் விளக்கம்: இது கணினி மென்பொருளில் சிறப்பு பில் என்று பதிவான கணக்குச் சரிக்கட்டல், அந்த மென்பொருளே உங்கள் ஆட்சியில் வந்தது. 2024-ல் கேசவ் நிதியமைச்சர்.

அடுத்தடுத்து இரண்டு கணக்குக் கேட்டவர்கள் கணக்கு எழுதுபவர்களாகப் பதவி உயர்வு பெற்றார்கள். மூன்றாவது ஆள் யார் என்று பார்த்தால், அது சித்தூர் மாவட்டத்திலிருந்து வந்திருக்க வேண்டியவர்.

புங்கனூர் எம்.எல்.ஏ. பெத்திரெட்டி ராமச்சந்திரா ரெட்டி. ஜெகன் ஆட்சியில் கனிமம், வனம், மின்சாரம் என்று பெரிய துறைகளை வைத்திருந்த அமைச்சர். பழைய சித்தூர் மாவட்டத்தின் அசைக்க முடியாத பெரிய தலை. 2019-ல் அந்த மாவட்டத்தின் 14 தொகுதிகளில் 13 ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸுக்கு, குப்பம் மட்டும் நாயுடுவுக்கு. 2024-ல் 12 கூட்டணிக்கு, 2 மட்டும் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸுக்கு. அந்த இரண்டில் ஒன்று பெத்திரெட்டி, மற்றது அவர் தம்பி துவாரகநாத ரெட்டி. மாநிலம் முழுக்கக் கட்சிக்குக் கிடைத்தது 175-ல் 11.

2024 நவம்பரில் பொதுக் கணக்குக் குழுவுக்குப் பெத்திரெட்டி மனுத்தாக்கல் செய்தார். பேரவையிலிருந்து ஒன்பது உறுப்பினர்கள், விகிதாசார வாக்கு. ஒரு இடம் பிடிக்கக் குறைந்தது 18 வாக்கு வேண்டும். கையில் 11. மரபை மதித்து ஆளுங்கட்சி விட்டுக்கொடுக்கவில்லை, ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் வாக்கெடுப்பைப் புறக்கணித்தது. தலைவரானவர் பீமவரத்து ஜனசேனா எம்.எல்.ஏ. புலபர்த்தி ராமாஞ்சநேயுலு. ஆளுங்கூட்டணியின் செலவை ஆளுங்கூட்டணிக்காரரே கேள்வி கேட்கும் ஏற்பாடு. பெத்திரெட்டி அமைச்சராக இருந்த துறைகளைப் பற்றியே தணிக்கைக் கேள்விகள் வரலாம், அவரைத் தலைவராக்குவது எப்படி என்று ஆளுந்தரப்பு ஆதரவாளர்கள் வாதிடலாம். அந்தத் தர்க்கத்தில் போனால் ஆட்சியிழந்த எந்தக் கட்சிக்கும் அந்த நாற்காலி கிடைக்காது.

எதிர்க்கட்சித் தலைவர் அந்தஸ்தும் அதே 18-ல் சிக்கிக்கொண்டது. பத்தில் ஒரு பங்கு இல்லை என்றார் சபாநாயகர் அய்யன்னபாத்ருடு. அந்தஸ்து தந்தால்தான் பேச நேரம் கிடைக்கும், வருகிறேன் என்கிறார் ஜெகன். வராமல் இருப்பதை அவர் கண்டுபிடிக்கவில்லை. 2021 நவம்பர் 19 அன்று, குடும்பத்தை இழிவுபடுத்தினார்கள் என்று சபையை விட்டு வெளியேறி, முதலமைச்சராகத்தான் திரும்பி வருவேன் என்று சபதம் போட்டுவிட்டுப் போனவர் குப்பம் எம்.எல்.ஏ. சந்திரபாபு நாயுடு. சொன்னபடியே 2024 ஜூனில் வந்தார். இடையில் இரண்டரை ஆண்டு, அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைச் சபை கேட்கவில்லை.

போனவர்கள் ஒரு பக்கம்; போகவைக்கப்பட்டவர் ஒருவர் உண்டு, நமக்கெல்லாம் தெரிந்த முகம். நகரி எம்.எல்.ஏ.வாக இருந்த ரோஜா. 2015 டிசம்பரில் ஓராண்டு இடைநீக்கம். அடுத்த மார்ச்சில் உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கிக்கொண்டு வந்தவரைச் சபை வாசலிலேயே தடுத்தார்கள். அவரும் பிறகு அமைச்சரானார், 2024-ல் தோற்றார், இப்போது மறுபடி வெளியே நின்று கேட்கிறார்.

குப்பத்துத் தண்ணீர் கதையும் இப்படித்தான் ஓடுகிறது, அல்லது ஓடவில்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் அந்த எல்லைத் தொகுதிக்கு ஹந்திரி-நீவா கால்வாயைக் கொண்டுவந்து சேர்த்தேன் என்று 2024 பிப்ரவரி 26 அன்று ஜெகன் மதகைத் திறந்தார். மறுநாளே தண்ணீர் நின்றுவிட்டது, தேர்தல் நாடகம் என்றது தெலுங்கு தேசம். 2025 ஆகஸ்ட் 30 அன்று பரமசமுத்திரத்தில் நாயுடு அதே கிருஷ்ணா தண்ணீருக்கு ஆரத்தி எடுத்தார். 1989 முதல் இவர்தானே எம்.எல்.ஏ., இத்தனை காலம் என்ன செய்தார் என்று இப்போது எதிர்த்தரப்பு கேட்கிறது.

வெங்கடகிரியின் கேள்வி

இந்தக் கூட்டத்தில் ஒருவரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஆனம் ராமநாராயண ரெட்டி. காங்கிரஸ் காலத்தில் நிதியமைச்சர். 2019-ல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் சார்பில் வெங்கடகிரியில் வென்றார். சேலைக்குப் பெயர்போன அந்த ஊர் 2022-ல் புதிதாகப் பிறந்த திருப்பதி மாவட்டத்தோடு சேர்ந்தது. அந்த ஆண்டின் இறுதியில் அவர் வாயைத் திறந்தார். சாலைப் பள்ளம்கூட மூடப்படவில்லை, குடிநீர் வரவில்லை, ஓய்வூதியம் கொடுத்ததை மட்டும் காட்டி மக்களிடம் எப்படி ஓட்டுக் கேட்பது என்று, தன் கட்சியின் ஆட்சியையே, தன் தொகுதி மேடையிலேயே கேட்டார். எதிர்க்கட்சி கேட்டிருந்தால் ஒரு நாள் செய்தி. ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. கேட்டதால் தொகுதிப் பொறுப்பு சில வாரத்தில் நெதுருமல்லி ராம்குமார் ரெட்டியிடம் போனது. 2023 மார்ச்சில் மேலவைத் தேர்தலில் கட்சி மாறி வாக்களித்தார் என்று இடைநீக்கம். தெலுங்கு தேசத்தில் சேர்ந்தார், 2024-ல் ஆத்மகூரில் வென்றார்.

இப்போது அவர் மாநில அறநிலையத் துறை அமைச்சர். 2025-26-க்கு 5,258 கோடி ரூபாய் பட்ஜெட் போட்ட திருமலை தேவஸ்தானம் பற்றிச் சபையில் கேள்வி எழுந்தால் எழுந்து பதில் சொல்ல வேண்டியவர் அவர். வெங்கடகிரி மேடையில் அன்று நின்று கேட்ட மனிதருக்கு என்ன பதில் பிடிக்கும், என்ன பதில் பிடிக்காது என்று மற்ற எவரையும்விட அவருக்கே தெரியும். அவருக்கு எதிரே, கேட்க வேண்டியவர்களுக்கான 11 இருக்கைகள் பெரும்பாலான நாள்களில் காலியாக இருக்கின்றன.